‘ரீஸ்கில்’: தன்வினையா, பிறவினையா?

மனிதவளச் செய்திகளில் ‘அப்ஸ்கில்’, ‘ரீஸ்கில்’ என்ற இரு ஆங்கில வினைச்சொற்கள் இணைந்தே வருகின்றன. மாணவர்களே, இரண்டும் ஒன்றல்ல. பால்மரம் சீவுபவர் மழைநாளிலும் பால் வீணாகாமல் எடுக்கும் முறையைக் கற்றால் அது ‘அப்ஸ்கில்’. அதே வேலையில் திறன் உயர்கிறது. அவரே ஈப்போவில் பயிற்சி பெற்று வெல்டரானால் அது ‘ரீஸ்கில்’, வேலையே மாறுகிறது.

‘ரீஸ்கில்’ தன்வினையாகவும் பிறவினையாகவும் வரும். “தொழிலாளர்கள் புதுத்திறன் கற்க வேண்டும்” என்றால் பொறுப்பு தொழிலாளர்மீது விழுகிறது. “நிறுவனம் தொழிலாளர்களுக்குப் புதுத்திறன் கற்பிக்க வேண்டும்” என்றால் அது நிறுவனத்தைச் சேர்கிறது.

பேராக்கில் ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது, பல குடும்பங்கள் வேலையோடு குடியிருந்த வீட்டையும் இழந்தன. பட்டணம் வந்த பலர் புதுத்தொழிலைத் தாங்களாகவே கற்றுக்கொண்டார்கள். அன்று அது தன்வினை.

இன்று நிலைமை வேறு. 2001ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெரும்பாலான துறைகளில் 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிகள், சம்பளத்தில் 1 விழுக்காட்டைப் பயிற்சிக்கென எச்ஆர்டி கோர்ப்பிடம் செலுத்த வேண்டும்.

நாளை உங்களிடம் ‘ரீஸ்கில்’ செய்யுங்கள் என்று சொன்னால், “பயிற்சிச் செலவு யாருடையது?” என்று கேளுங்கள். விடையில் எழுவாய் தெரிந்துவிடும்.