அடிக்கு எவ்வளவு அண்ணே?

மதகடிப்பட்டில் செவ்வாய்க்கிழமை சந்தை. மாட்டு வியாபாரம் என்றால் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவது ஊரறிந்த சங்கதி. ஆனால் பல்லைப் பார்க்காமல், நாலடி நடக்கவிடாமல் எந்த வியாபாரியும் விரலை நீட்ட மாட்டான்.

நம்ம பையன்கள் நீட்டுகிறார்கள். திருபுவனையில் தொழிற்பேட்டை, மதகடிப்பட்டில் இன்ஜினீயரிங் காலேஜ் என்று மண்ணாடிப்பட்டு கொம்யூன் வளர்ந்ததில், கிளீனிங் கான்ட்ராக்டில் இறங்கிய ஒருத்தன் போன் போட்டான். "அண்ணே, ஆடிட்டோரியம் கார்ப்பெட், 8,000 சதுர அடி. அடிக்கு என்ன போடலாம்?"

(பி.காம். படித்தவனுக்கு இந்தத் தொல்லை உண்டு.)

"நாற்காலியெல்லாம் தரையோட போல்ட் போட்டதா?"

"பார்க்கலண்ணே!"

சரியாப் போச்சு. வெறும் தரையில் ஒரு மெஷின் மணிக்கு 500 அடி ஓடும் என்று வையுங்கள். 16 மணி நேரம். நாற்காலி வரிசைக்குள் பாதி வேகம்தான். வரிசைக்குள் 6,000 அடி இருந்தால் 24 மணி, மீதிக்கு 4. ஆக 28. மெஷினுக்கு இரண்டு பேர். கூடுதல் 12 மணி நேரம் என்பது மூன்று ஆள் கூலி!

குறைந்த ரேட் போட்டு டெண்டரைப் பிடித்துவிடலாம். அந்த மூன்று கூலி? ராத்திரி பூரா குனிந்து தேய்த்தவன் சட்டைப் பையிலிருந்துதான் போகும். இதற்கு 'காம்பெடிட்டிவ் ரேட்' என்று பெயர் வேறு.

"நேர்ல போய்ப் பாரு. ஜி.எஸ்.டி. 18 பர்சென்ட் தனின்னு எழுது. ஈரம் காய ஏ.சி. ஓடணும்னு கேளு" என்றேன்.

"கரண்ட் பில்லு நம்ம கணக்காண்ணே?"

தேறிவிடுவான்.