கம்ப்யூட்டரில் கம்பு சுற்றலாமா?

"டேய், ஆன்லைனில் சிலம்பம் சொல்லித் தர்றாங்களாம். பாப்பாவைச் சேர்த்து விடட்டுமா? நம்ம வீட்டில் கம்ப்யூட்டர் படிச்சவன் நீதானே, நீயே சொல்லு."

சென்ற ஆண்டு பிப்ரவரியில் ஜெர்மனியிலிருந்து அக்கா இப்படிக் கேட்டாள். மியூனிக் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறார்கள். மகளுக்கு ஒன்பது வயது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது அல்லவா? அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து அவளுக்குக் கம்புப் பைத்தியம். அந்த ஊரில் சிலம்பத்துக்கு எங்கே போவது?

கம்ப்யூட்டர் பற்றிய கேள்வி என்று நினைத்து அக்கா என்னிடம் கேட்டாள். உண்மையில் இது காலைப் பற்றிய கேள்வி. எப்படி என்று சொல்கிறேன்.

சாப்ட்வேர் வேலையில் சென்னையில் இருந்த நான், 2020 மார்ச் ஊரடங்கில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நெய்வேலிக்கு வந்து சேர்ந்தேன். அப்பா என்.எல்.சி. ஊழியர். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் என்றால் வீட்டைச் சுற்றி இடம் இருக்கும், மாமரம் இருக்கும். மாலையில் மீட்டிங் முடிந்ததும் பொழுது போகாது. யூடியூபில் சிலம்பம் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். முதலில் ஒட்டடைக் கம்பு, பிறகு பண்ருட்டியிலிருந்து வாங்கி வந்த மூங்கில் கம்பு. ஒரு இணையதளத்தில் பணம் கட்டி பன்னிரண்டு பாடங்கள் கொண்ட கோர்ஸும் வாங்கினேன். ஒரு டியூப் லைட், அம்மாவின் இரண்டு பூந்தொட்டிகள் போயின. ஆறு மாதத்தில் கம்பு என் கையில் காற்றாடி மாதிரி சுற்றியது. வாட்ஸ்அப்பில் போட்டேன். சொந்தக்காரர்கள் கைதட்டும் படமாக அனுப்பினார்கள்.

2021 தொடக்கத்தில், வகுப்புகள் மீண்டும் திறந்ததும், எங்கள் பகுதியில் சிலம்பம் சொல்லித் தரும் மாஸ்டரிடம் போனேன். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் சுற்றிக் காட்டினேன். அவர் கம்பைப் பார்க்கவே இல்லை.

"கம்பைக் கீழே வைங்க தம்பி. இப்ப காலை மட்டும் போட்டுக் காட்டுங்க."

போட்டேன். சிரித்தார். பிறகு என்னைச் சுற்றச் சொல்லிவிட்டு, நடுவில் தன் கம்பை மெதுவாக நீட்டினார். அடிக்கவில்லை, நீட்டினார், அவ்வளவுதான். 'டொக்' என்று ஒரு சத்தம். என் கம்பு திரும்பி வந்து என் காதிலேயே பட்டது. ஆறு மாதத்தில் என் கம்பு வேறு ஒரு கம்பைத் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சிலம்பத்தில் காலடி வைக்கும் முறைக்குச் சுவடு என்று பெயர். வீச்சு எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. நான் பார்த்த வீடியோக்களில் கேமரா கம்பின் பின்னாலேயே ஓடியது. கால் பாதி நேரம் பிரேமிலேயே இல்லை. தவறாகப் பழகிய சுவடை மறக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. புதிதாக வந்த பள்ளிக்கூடத்துப் பையன்கள் அதற்குள் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

வீட்டிலிருந்தே சண்டை கற்கும் ஆசை ஒன்றும் புதிதல்ல. 1960, 70-களில் அமெரிக்க காமிக்ஸ் புத்தகங்களில் கவுண்ட் டான்டே என்பவர், தன்னை உலகிலேயே மிக ஆபத்தான மனிதர் என்று விளம்பரம் செய்து தபாலில் சண்டைப் பாடம் விற்றார். நம் ஊர் பஸ் ஸ்டாண்டு கடைகளில் கராத்தே புத்தகங்கள் தொங்கியதைப் பார்த்த வாசகர்களும் இருப்பீர்கள். புத்தகம் போய் சி.டி. வந்தது, சி.டி. போய் யூடியூப் வந்தது. காட்டுகிறவர் நம்மைப் பார்ப்பதில்லை என்பது மட்டும் மாறவில்லை.

"அப்படியானால் வீடியோ காலில் மாஸ்டர் நேரடியாகப் பார்த்தால் சரியாகிவிடுமே?" என்று நீங்கள் கேட்கலாம். பாதி சரியாகும். இந்தப் பாதியை நான் அருகிலிருந்து பார்த்தேன்.

2021 மே மாதம் தமிழ்நாட்டில் மறுபடி முழு ஊரடங்கு. மாஸ்டரின் வகுப்பு மறுபடி நின்றது. அவருக்கு பென்ஷனுக்கு மேல் வந்துகொண்டிருந்த சிறிய வருமானம் அதுதான். பழைய டெஸ்க்டாப் ஒன்றும் வெப் கேமரா ஒன்றும் வாங்கினார். அறுபது வயதுக்கு மேல் அவருக்கு முதல் கம்ப்யூட்டர். மவுஸை டபுள் கிளிக் செய்யப் பழகவே இரண்டு நாள் ஆனது. நான் ஜூம் நிறுவிக் கொடுத்தேன்.

முதல் வகுப்பில் பதினோரு பிள்ளைகள், பதினோரு சின்னக் கட்டங்கள். ஒருவனுக்கும் கால் தெரியவில்லை. லேப்டாப்பை மேசை மேல் வைத்தால் கேமரா இடுப்புக்கு மேல்தானே காட்டும்? "இது என்ன தம்பி, எல்லாப் பயலும் பொம்மலாட்டம் ஆடுறான்" என்றார் மாஸ்டர். லேப்டாப்பை ஒரு ஸ்டூல் மேல் வைத்து, பத்து அடி தள்ளி நிற்கச் சொன்னோம். கால் தெரிந்தது, ஆனால் மாஸ்டர் சொல்வது அவர்களுக்குக் கேட்கவில்லை. புளூடூத் இயர்போன் மாட்டியவர்கள் தப்பித்தார்கள்.

அடுத்த பிரச்னை இடம் வலம். மாஸ்டர் கேமராவைப் பார்த்து நின்றால், அவருடைய வலது கை நமக்கு இடப்பக்கம் தெரியும். போதாக்குறைக்கு, ஜூமில் நம் உருவம் நமக்கு மட்டும் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிக் காட்டப்படும். பிள்ளைகள் குழம்பிப் போனார்கள். கடைசியில் மாஸ்டர் கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்று சொல்லிக் கொடுத்தார். செட்டிங்ஸில் வீடியோ பகுதிக்குப் போய் மிரர் வசதியை எடுத்துவிடச் சொன்னேன். நீங்களும் ஆன்லைனில் நடனமோ யோகாவோ கற்கிறீர்கள் என்றால் இதை முதலில் செய்யுங்கள்.

ஒரு பையனின் கம்பே தெரியவில்லை. கை மட்டும் சுற்றுகிறது! கம்பு எங்கே என்று மாஸ்டர் திட்ட, அவன் அழாத குறை. அவன் பின்னணியை மங்கலாக்கும் வசதியைப் போட்டிருந்தான். சாப்ட்வேர் மனித உருவத்தை மட்டும் வெட்டி எடுத்து, கம்பைச் சுவரோடு சேர்த்து மங்கலாக்கிவிட்டது.

எனக்கு ஆச்சரியம் தந்தது வேறு. "சத்தம் வரலையே" என்றார் மாஸ்டர். கம்பு காற்றைக் கிழிக்கும் சத்தத்தை வைத்தே வீச்சில் வேகம் எங்கே குறைகிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் ஜூம் போன்ற சாப்ட்வேருக்கு மனிதக் குரல்தான் முக்கியம். மற்றதையெல்லாம் இரைச்சல் என்று வடிகட்டிவிடும். ஆடியோ செட்டிங்ஸில் ஒரிஜினல் சவுண்ட் என்ற வசதியை இயக்கினால் ஓரளவு கேட்கும். பதினோரு வீட்டின் மிக்ஸி சத்தமும் சேர்ந்து கேட்கும் என்பது தனிக் கதை.

இவையெல்லாம் செட்டிங்ஸ் மாற்றினால் சரியாகும் விஷயங்கள். சரியாகாத ஒன்று இருக்கிறது. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஐந்தரை அடிக் கம்பை நடுவில் பிடித்துச் சுற்றினால், அதன் முனை ஒரு சுற்றுக்கு சுமார் 17 அடி பயணம் செய்யும். வினாடிக்கு இரண்டு சுற்று என்றால் 34 அடி. சாதாரண வெப் கேமரா வினாடிக்கு 30 படங்கள் எடுக்கிறது. அதாவது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் கம்பின் முனை ஒரு அடிக்கு மேல் நகர்ந்துவிடுகிறது. அந்த ஒரு அடிக்குள் என்ன நடந்தது என்பது மாஸ்டருக்குத் தெரியாது. மேலும், வீடியோவைச் சுருக்கி அனுப்பும்போது அசையாத சுவர் பளிச்சென்று போகும், வேகமாக அசையும் கம்புதான் கட்டம் கட்டமாகச் சிதறும். அந்தப் படமும் எதிர்முனைக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேருகிறது. ஒருபக்கத் தாமதம் 150 மில்லி வினாடிக்குள் இருந்தால் பேச்சுக்கு இடைஞ்சல் இருக்காது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. பேசுவதற்கு அது போதும். அடியைத் தடுப்பதற்கு? நம் கணக்குப்படி 150 மில்லி வினாடியில் கம்பின் முனை ஐந்து அடி வந்துவிடும்.

அதிவேக பிராட்பேண்ட், 60 பிரேம் கேமரா எல்லாம் வாங்கினால் தீர்ந்துவிடுமா? படம் தெளிவாகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்கிரீனுக்குள்ளிருந்து கம்பு வெளியே வராது. எதிராளி எவ்வளவு தூரத்தில் நின்றால் அவன் கம்பு நம்மைத் தொடும் என்பதைக் கண்ணும் காலும் சேர்ந்துதான் கற்கின்றன. முகத்துக்கு நேராகக் கம்பு வரும்போது கண் தானாக மூடிக்கொள்ளும். அதை மூடாமல் இருக்கப் பழகுவது பாதிச் சிலம்பம் என்பார் மாஸ்டர்.

இதை உலகமும் அனுபவத்தில் கண்டுகொண்டது. கொரோனா காலத்தில் உலக டேக்வாண்டோ அமைப்பு ஆன்லைனில் போட்டி நடத்தியது. ஆனால் அது பூம்சே என்னும், தனியாகச் செய்து காட்டும் அசைவு வரிசைக்கான போட்டி. இருவர் மோதும் பிரிவை எப்படி ஆன்லைனில் நடத்த முடியும்? பிரேசிலியன் ஜியு-ஜிட்ஸுவில் புகழ்பெற்ற கிரேசி குடும்பத்தினர் 2009-ல் கிரேசி யுனிவர்சிட்டி என்ற ஆன்லைன் பயிற்சியைத் தொடங்கினார்கள். வீடியோ எடுத்து அனுப்பினால் நீல பெல்ட் என்று வைத்தபோது பெரிய சர்ச்சை எழுந்தது. பிறகு, வீடியோவுக்கு ஆரம்பநிலை பெல்ட் மட்டும், நீல பெல்ட்டுக்கு நேரில் வர வேண்டும் என்று மாற்றிக்கொண்டார்கள். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. ஆன்லைன் கல்வியே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. 2001-ல் தொடங்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகம் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணையம் வழியாகத் தமிழ் கற்பிக்க வந்தது. 'ழ' எழுதத் தவறினால் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். தற்காப்புக் கலை தெரியும் என்று நம்பித் தெருவில் ஒருவனை எதிர்த்து நிற்கும் பெண்ணுக்கு மறுபடி எழுதும் வாய்ப்பு கிடையாது. மூன்று மாதத்தில் பிளாக் பெல்ட், சான்றிதழ் வீடு தேடி வரும் என்ற விளம்பரங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

கம்ப்யூட்டர் உண்மையிலேயே கைகொடுத்தது வேறு ஓர் இடத்தில். மற்றவரின் வீடியோவைப் பார்ப்பதைவிட, உங்களை நீங்களே வீடியோ எடுத்துப் பார்ப்பது பத்து மடங்கு பயன் தரும். மொபைலில் எடுத்து கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். வி.எல்.சி. பிளேயரில் திறந்து, கீபோர்டில் 'இ' எழுத்தைத் தட்டினால் ஒவ்வொரு பிரேமாக நகரும். யூடியூப் வீடியோ என்றால் நிறுத்திவிட்டு, காற்புள்ளி, முற்றுப்புள்ளி கீகளைத் தட்டிப் பாருங்கள். முன்னும் பின்னும் ஒவ்வொரு பிரேமாகப் போகும். என் பின்னங்கால் குதிகால் தூக்கிக்கொள்வதை மாஸ்டர் இருபது முறை சொல்லியும் நான் நம்பவில்லை. வி.எல்.சி. ஒரே முறையில் நம்ப வைத்தது. இப்போது மாஸ்டரே பிள்ளைகளை மாலையில் மைதானத்தில் படம் எடுத்து, இரவில் டெஸ்க்டாப்பில் ஓட்டிப் பார்க்கிறார். டபுள் கிளிக் தெரியாதவர் இன்று பைல்களைத் தேதி வாரியாக போல்டர் போட்டு வைத்திருக்கிறார்.

அக்காவிடம் என்ன சொன்னேன்? கோர்ஸ் எதுவும் வாங்காதே, சான்றிதழ் தருகிறேன் என்பவரிடம் போகாதே, நம்ம மாஸ்டரையே கேட்கிறேன் என்றேன். ஏப்ரலில் தொடங்கினோம். சனிக்கிழமை அங்கே பிற்பகல் 2 மணி, இங்கே மாலை 5.30. மாஸ்டர் முதல் இரண்டு மாதம் அவள் கையில் கம்பையே கொடுக்கவில்லை. வெறும் சுவடுதான். தரையில் சாக்பீஸால் குறி போட்டு, அதன் மேல் கால் வைக்க வேண்டும். ஜெர்மன் வீட்டுத் தரையில் சாக்பீஸா என்று அத்தான் முணுமுணுத்தாராம். கலர் டேப் ஒட்டிச் சமாளித்தார்கள். பிறகு அவள் புருவ உயரத்துக்கு ஒரு கம்பு. யாரோடும் மோதிப் பார்க்கக் கூடாது என்பது கண்டிப்பு.

ஆகஸ்ட் விடுமுறைக்கு நெய்வேலி வந்தாள். வந்த மறுநாள் காலையிலேயே மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். மாஸ்டர் அவளைச் சுவடு போடச் சொன்னார். இரண்டு முறை பார்த்தார். "கால் சுத்தம்" என்றார். என்னிடம் இந்த வார்த்தையை அவர் இதுவரை சொன்னதில்லை என்பதைப் பொறாமையோடு பதிவு செய்கிறேன். பிறகு தன் கம்பை எடுத்து, அவள் தலைக்கு நேராக மிக மெதுவாக இறக்கினார். ஐந்து மாதம் அவரையே பார்த்துப் படித்த பெண், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கம்பைக் கீழே போட்டுவிட்டாள்.

"பரவாயில்லை பாப்பா, எடு" என்றார் மாஸ்டர். அந்த விடுமுறையில் மீதம் இருபத்திரண்டு காலைகள் இருந்தன. ஒன்றைக்கூட அவள் விடவில்லை.