அலியா, டைசனா? நைட் டூட்டியில வந்த கேள்வி (த்ரெட்)

காணும் பொங்கல் நைட் டூட்டி. ஒரத்தநாடு பக்கம் கபடி ஆடின ஒரு தம்பி, பிடிக்கப் போன இடத்துல தலையோட தலை மோதி வந்திருந்தான். சி.டி. ஸ்கேன் நார்மல். ஆனா ஆட்டத்தோட கடைசி பத்து நிமிஷம் ஞாபகத்துல இல்ல. படுத்துக்கிட்டே போன்ல டைசன் வீடியோ பார்த்துட்டு இருந்தான் (பிடுங்கி வச்சேன்). "சார், முகமது அலியும் டைசனும் மோதினா யாரு சார் ஜெயிப்பா?"

இதுக்கு முதல்ல வயசைக் கேக்கணும். எந்த அலி, எந்த டைசன்? நான் எடுத்துக்கறது 1966 நவம்பர்ல கிளீவ்லேண்ட் வில்லியம்ஸை மூணாவது ரவுண்டுல முடிச்ச 24 வயசு அலி. 1988 ஜூன்ல மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில சாய்ச்ச 21 வயசு டைசன். எடை கிட்டத்தட்ட சமம். உயரம் அலி 191 செ.மீ., டைசன் 178.

டைசன் பக்க நியாயத்தை முதல்ல சொல்லிடறேன். அலிகிட்ட ஒரு ஓட்டை உண்டு: இடது ஹுக். 1963-ல ஹென்றி கூப்பர், 1971-ல ஜோ ஃப்ரேசியர், ரெண்டு பேரும் அந்தக் குத்துலதான் அவரைத் தரைக்குக் கொண்டுவந்தாங்க. டைசனுக்கும் அது கைவந்த குத்து. தாடை நுனி ஒரு நெம்புகோல் மாதிரி. பக்கவாட்டுல அடி விழுந்தா மண்டை சடார்னு திரும்பிடும், உள்ள மூளை ஒரு கணம் பின்தங்கும். அந்த முறுக்குதான் ஆளைச் சுருட்டிப் போடுது.

ஆனா ரெண்டு தடவையும் அலி எழுந்துட்டார். அதைக் கணக்குல வைங்க. அடுத்தது டோக்கியோ, 1990 பிப்ரவரி. பஸ்டர் டக்ளஸ் உயரமான ஆள், நீளமான ஜாப், துளி பயம் இல்ல. பத்தாவது ரவுண்டுல டைசன் விழுந்தார். அது உச்சத்துல இருந்த டைசன் இல்லைம்பீங்க. சரி, டக்ளஸும் அலி இல்லையே!

டைசன் வேகம் மதகு திறந்ததும் பாயுற தண்ணி. கல்லணைகிட்ட நின்னா இழுத்துட்டுப் போயிடும். கடைமடைக்கு வர்றப்போ அந்த இழுப்பு இருக்காது. முதல் நாலு ரவுண்டு அலிக்குக் கண்டம். தாண்டிட்டா, பத்தாவது ரவுண்டு வாக்குல அலி முடிச்சிடுவார். இதான் என் கணிப்பு.

"1974-ல கின்ஷாசாவுல ஃபோர்மேனைக் களைக்க வச்ச மாதிரி, கயித்துல சாஞ்சே டைசனையும் முடிச்சிருப்பார்"னு நிறைய பேர் எழுதறீங்க. எனக்கு உடன்பாடில்ல. ஃபோர்மேன் குத்து அகலமா வீசி வரும், கையிலயும் தோள்லயும் வாங்கிக்கலாம். டைசனோடது குட்டைக் குத்து. முதல்ல விலா, அப்புறம் தாடை. கயித்துல சாஞ்சா அலி காலி. கால்தான் அவரைக் காப்பாத்தணும்.

அப்படி வாங்கின அடிக்கெல்லாம் பில் பின்னாடி வந்துச்சு. 1980-ல சென்னை நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸோட காட்சிப் போட்டி ஆடினாரே, அதே வருஷம் அக்டோபர்ல, 38 வயசுல, லாரி ஹோம்ஸ்கிட்ட பத்து ரவுண்டு அடி வாங்கினார். அலி தரப்புதான் போட்டியை நிறுத்துச்சு. 1984-ல பார்க்கின்சன். குத்து மட்டும்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. அதுக்குப் பங்கே இல்லைன்னு சொல்லவும் எனக்கு வாய் வரல.

எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டுத் தம்பி கேக்கறான்: "அப்ப நாளைக்கு ஃபைனல் ஆடலாமா சார்?"

முதல் அடி ஆறாதப்போ ரெண்டாவதா ஒரு சின்ன அடி விழுந்தாகூட மூளை வீங்கிடலாம். அபூர்வம்தான், ஆனா ஆளையே கொண்டுபோயிடும். தலைவலி, மறதி எல்லாம் முழுசா போன பிறகு, அதுவும் படிப்படியாதான் களத்துல இறங்கணும். ஃபைனல் கிடையாதுன்னு எழுதிக் கொடுத்தேன்.

முறைச்சுக்கிட்டே போனான். டைசன் கட்சி.