தார் போட்டவன் தலையிலா பழி?

மழைக்காலம் முடிந்தால் போலாரத்தில் வழக்கமாக ஒரு பேச்சு எழும். "போன வருஷம் போட்ட ரோடு, அதற்குள் ஜல்லி பெயர்ந்துவிட்டதே! வேலை செய்தவன் ஏமாற்றிவிட்டான்" என்பார்கள். வேலை செய்தவன் யார்? நம்மவன்தான். கொதிக்கும் தாருக்குப் பக்கத்தில் காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு நிற்பவன் அவன். ஜல்லித் தட்டைத் தலையில் சுமப்பவள் அவன் மனைவி. ஆகவே இந்தக் குற்றச்சாட்டை விசாரிக்காமல் விட நமக்கு மனமில்லை.

கண்ணுக்குத் தெரிவது மேலே உள்ள பள்ளம். கேடு தொடங்குவது பெரும்பாலும் அடியில். தாருக்கு முதல் எதிரி தண்ணீர். நம் வட்டாரத்தில் கிடைப்பதோ கருங்கல். வீடு கட்ட அதைவிட நல்ல கல் இல்லை. ஆனால் தாரைவிடத் தண்ணீரோடுதான் அதற்கு உறவு அதிகம். ஈரம் உள்ளே புகுந்தால் கல்லைவிட்டுத் தார் உரிந்துவிடும். கலவையில் நீற்றிய சுண்ணாம்பு சேர்த்தால் பிடிப்பு கூடும் என்பது பொறியாளர்களுக்குப் பழைய பாடம். சேர்த்தார்களா? சாலையோரம் வடிகால் வெட்டினார்களா? குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தை அடுக்கடுக்காகத் திமிசு போட்டு மூடினார்களா, மண்ணைத் தள்ளிவிட்டுப் போனார்களா?

கலவை ஆலையிலிருந்து சுமார் 150 டிகிரிச் சூட்டில் புறப்படுகிறது. அது 90 டிகிரிக்கு இறங்குமுன் ரோலர் ஓடி முடிய வேண்டும். லாரி நெரிசலில் நின்று கலவை ஆறிவிட்டால் பிறகு எத்தனை முறை ரோலர் ஓட்டினாலும் இறுகாது. உள்ளே இடைவெளி தங்கும், இடைவெளியில் தண்ணீர் தங்கும். லாரி எப்போது வர வேண்டும் என்று முடிவு செய்வது கூலியாளா? தூறல் விழும்போதும் "போடு, பில் எழுத வேண்டும்" என்று அதட்டுவது அவனா?

பாரத்தின் கதை இதைவிடப் பெரிது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா அருகே 1958 முதல் 1960 வரை, புதுச் சாலைகள் போட்டு, அவை உடையும் வரை இராணுவத்தினரைக் கொண்டு லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் மீது சுமை இரு மடங்கானால் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு என்பது அங்கே பிறந்த கணக்கு. நம் நாட்டில் 2018 ஜூலையில் மத்திய அரசு, நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு அனுமதித்த சுமையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. கேட்பதற்கு 1.3 டன்தான். அந்தக் கணக்கில் சேதமோ ஒன்றரை மடங்குக்கும் மேல். பழைய வரம்பை நம்பி 15 ஆண்டுக்குப் போட்ட சாலை, எல்லா லாரியும் புது வரம்புவரை ஏற்றினால் ஒன்பது ஆண்டில் களைத்துவிடும். இது சட்டம் அனுமதித்த பாரம். திருட்டுத்தனமாக ஏற்றுவது தனி.

2013 முதல் 2017 வரை சாலைப் பள்ளங்களால் 14,926 பேர் இறந்தது ஏற்கத்தக்கதல்ல என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அதிகாலையில் சைக்கிளிலும் மொபெட்டிலும் வேலைக்குப் போகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

யாரிடம் போய்க் கேட்பது? இங்கே ஒரு தெரு கண்டோன்மெண்ட் போர்டுடையது, அடுத்த தெரு மாநகராட்சியுடையது, இன்னொன்று இராணுவத்துடையது. 2019 இறுதியில் ஹைதராபாத் மாநகராட்சி 709 கிலோமீட்டர் சாலையை ஐந்தாண்டுப் பராமரிப்புப் பொறுப்போடு ஒப்பந்தத்துக்கு விட்டது. நல்ல யோசனைதான். ஆனால் அது பெரிய சாலைகளுக்கு. நம் சந்துகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

2005-ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம் காகிதத்தை மட்டும் தரச் சொல்லவில்லை. வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் சான்றளித்த மாதிரியை எடுக்கவும் 2(ஞ) பிரிவு குடிமக்களுக்கு உரிமை தருகிறது. இதை நம்மில் எத்தனை பேர் பயன்படுத்தினோம்? ஒப்பந்தக்காரரின் பொறுப்புக்காலம் எத்தனை ஆண்டு, ரோலர் ஓடியபோது சூடு எழுதிய பதிவேடு எங்கே, சாலையைக் குடைந்தெடுத்த மாதிரியின் பரிசோதனை முடிவு என்ன என்று கேட்டு விண்ணப்பம் தயாராகிறது. தார் வேலைக்குப் போகிறவர்கள் வேலை நடந்த தெருவையும் தேதியையும் சங்கத்தில் சொல்லுங்கள். மேஸ்திரி கோபித்துக்கொள்வாரோ, நாளைக் கூலி போய்விடுமோ என்ற அச்சம் நியாயமானதே. அதனால் விண்ணப்பத்தில் செயலாளர் தம் சொந்தப் பெயரில் கையெழுத்திடுவார். உங்கள் பெயர் எங்கும் வராது.