பனித்தளம் வந்தது, படகு எங்கே போனது?

பகாங், பேராக், ராஜாங் என்று பேராறுகள் ஓடும் நாடு நம் மலேசியா. சரவாக்கிலோ 19ஆம் நூற்றாண்டிலிருந்தே படகுப் போட்டி நடைபெற்று வருகிறது. அப்படிப்பட்ட நாடு, 2017 ஆகஸ்டில் சீ விளையாட்டுப் போட்டியை ஏற்று நடத்தியபோது, கயாக் படகோட்டத்துக்குப் பட்டியலில் இடம் தரவில்லை. அதே பட்டியலில் ஐஸ் ஹாக்கியும் பனிச்சறுக்கும் சீ போட்டி வரலாற்றிலேயே முதன்முறையாக இடம்பெற்றன! ஆண்டு முழுதும் வெயில் காயும் நாட்டில் இதை என்னவென்று சொல்வது?

பனித்தளத்தில் விளையாடிய இளையோர்மீது எனக்கு எவ்வித மனத்தாங்கலும் இல்லை. அவர்களும் உழைத்தவர்களே. என் சினமெல்லாம் பட்டியல் எழுதியவர்கள்மீதுதான்.

இடமில்லை என்பார்களா? அதே போட்டியின் நீர்ச்சறுக்கு புத்ராஜெயா ஏரியில்தானே நடந்தது! பதக்கம் கிடைக்காது என்பார்களா? அவ்வாண்டு மலேசியா 145 தங்கம் வென்று முதலிடத்தில் நின்றது. விருந்துக்கு அழைத்தவர் வீட்டிலிருந்து விருந்தினர் நாலு தங்கம் கொண்டுபோனால் குடியா முழுகிவிடும்? ஐஸ் ஹாக்கித் தங்கமும் பிலிப்பைன்சுக்குத்தான் போனது.

ஏற்று நடத்தும் நாடு தனக்கு உகந்ததைச் சேர்ப்பதும் உகவாததைத் தள்ளுவதும் இவ்வட்டாரத்தின் பழைய வழக்கம். நாம் மட்டும் செய்த குற்றமன்று. ஆயினும் அவ்வழக்கத்தால் மிகுதியும் அடிபடுவது எது தெரியுமா? மகளிர் நால்வர் கயாக்.

11 மீட்டர் நீளப் படகில் நால்வர் ஒருவர்பின் ஒருவராக அமர்கின்றனர். தூரம் 500 மீட்டர். உலகத் தரக் குழுக்கள் சுமார் ஒன்றரை நிமிடத்தில் கடந்துவிடும். முன்னிருப்பவள் துடுப்பின் தாளத்தை வகுக்கிறாள். பின்னிருக்கும் மூவரும் அதைத் தம் தோளில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு துடுப்பு கணநேரம் பிந்தினாலும் படகு தளும்பும், வேகம் அறுந்துபோகும். தனித்தனியே விரைந்து செலுத்தும் நால்வரைப் பொறுக்கி உட்கார வைத்தால் போதாது. நெடுநாள் சேர்ந்து துடுப்பிட்டுப் பழக வேண்டும். ஒருத்தி விலகினால் மற்ற மூவருக்கும் படகில்லை.

2015இல் சிங்கப்பூரின் மரினா கால்வாயில் நடந்த கயாக், சீ போட்டிக்குத் திரும்பியது 2019இல், பிலிப்பைன்சில்தான். நான்கு ஆண்டுகள்! பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அது இருபத்து மூன்று. அதற்குள் ஒருத்திக்குப் படிப்பு, ஒருத்திக்கு வேலை, ஒருத்திக்குத் திருமணம். எந்தக் குழு கலையாமல் காத்திருக்கும்? போட்டியே இல்லாதபோது பயிற்றுநருக்கும் படகுக்கும் பணம் கேட்க எந்த முகத்தோடு போவது?

பெண்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு இவ்விளையாட்டுக்குப் புதிதன்று. ஒலிம்பிக்கில் ஆடவர் நால்வர் கயாக் 1964இல் சேர்க்கப்பட்டது, மகளிர்க்கு 1984இல்தான். நம் 2017 போட்டியிலும் குத்துச்சண்டை, பளுதூக்குதல் இரண்டிலும் மகளிர் பிரிவே கிடையாது. பெண்பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்புங்கள் என்று பெற்றோரிடம் மன்றாடும் எங்களைப் போன்ற ஆசிரியர்கள், எதைக் காட்டி மன்றாடுவது ஐயா?

2027இல் சீ போட்டியை மலேசியாவே மீண்டும் ஏற்று நடத்துகிறது. இம்முறை சரவாக்கும் அதில் ஓர் இடம். ஆறும் ஏரியும் நம்மிடம் இருக்கின்றன. பனிக்கு இடம் கண்டவர்கள், மகளிர் நால்வர் படகுக்கும் அப்பட்டியலில் ஒரு வரி ஒதுக்க வேண்டும்.