வெறும் பெட்டிக்கு எண்பது பவுண்ஸ்

போன சனிக்கிழமை மத்தியானம் மகன் வந்தான். சப்பாத்தைக் கழற்ற முதலே கேள்வி. "அப்பா, என்ர பழைய கேம்போய்ப் பெட்டியள் ஏதும் லொஃப்டில கிடக்குதே?"

நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி அடுப்பைப் பார்த்தா.

எங்கள் வீட்டில் இது தொட்டால் சுடுகிற கதை. 2008இல் கடைக்கு மேலே இருந்த ஃபிளாட்டை விட்டு இந்த வீட்டுக்கு மாறினோம். அதுவும் வெஸ்ட் ஈலிங்தான், பத்து நிமிஷ நடை. மாறுகிற அவசரத்தில் மனைவி அவனுடைய சாம்பல் நிறக் கேம்போய், பதினொரு கேம், இணைக்கிற வயர் எல்லாவற்றையும் ஒரு ஷொப்பிங் பையில் போட்டு, அக்ஸ்பிரிட்ஜ் ரோட்டில் ஒரு சரிட்டிக் கடையில் கொடுத்துவிட்டா. அவனுக்கு அப்போது பதினெட்டு வயது. யூனிவர்சிட்டிக்குப் போகிற மும்முரத்தில் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இப்போது முப்பத்தைந்து வயதில், அந்தப் பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பி வாங்குகிறான்.

"இதுவரைக்கும் எவ்வளவு முடிஞ்சுது?" என்று கேட்டேன். "நானூறு சொச்சம்" என்றான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவனும் மருமகளும் ஹேய்ஸில் வாடகைக்கு இருக்கிறார்கள். வீட்டு டிப்போசிட்டுக்குக் காசு சேர்க்கிறார்கள். 2022 மே மாதம் எலிசபெத் லைன் ஓடத் தொடங்கின பிறகு எங்கள் பக்கத்து ஏஜன்டுக் கடைக் கண்ணாடியைப் பார்த்தால் தலை சுற்றும். "டிப்போசிட்டுக்குக் காசு சேர்க்கிற மனிசன் செய்யிற வேலையே இது? சின்னப் பிள்ளை விளையாட்டுச் சாமானுக்கு நானூறோ?" என்று பேசிவிட்டேன். பேத்தி பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் திருப்பிக் கதைக்கவில்லை. எனக்குப் பிறகுதான் ஒரு மாதிரி இருந்தது.

பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது, ஏன் இவ்வளவு விலை என்று சமாதானமாகக் கேட்டேன். விளங்கப்படுத்தினான். அதிலே பாதியை உங்களுக்கும் சொல்லலாம், ஏனென்றால் உங்கள் லொஃப்டிலும் ஏதாவது கிடக்கலாம்.

2020இல் கொரோனா வந்து எல்லாரும் வீட்டுக்குள் முடங்கியபோது, தொண்ணூறுகளில் பிள்ளைகளாக இருந்தவர்கள் கையில் சம்பளக் காசும் நிறைய நேரமும் இருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் பழைய கேம்களைத் தேட வெளிக்கிட்டார்கள். அடுத்த வருஷம் அமெரிக்காவில் ஏலம் சூடுபிடித்தது. 2021 ஏப்ரலில் உறை பிரிக்காத ஒரு சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 6,60,000 டொலருக்குப் போனது. ஜூலையில் ஒரு ஸெல்டா 8,70,000 டொலர். இரண்டு நாள் கழித்து ஒரு சூப்பர் மாரியோ 64, பதினைந்து லட்சம் டொலருக்கும் மேலே. கடினமான பிளாஸ்டிக்குக்குள் அடைத்து, புள்ளி போட்டு வைத்த சாமான்கள் இவை. வாங்கினவர் ஒருநாளும் விளையாட மாட்டார், உறையைப் பிரித்தால் விலை போய்விடும். அந்த உச்சம் நிலைக்கவில்லை, ஆனால் செய்தி எல்லா லொஃப்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. சரிட்டிக் கடைகள்கூட இப்போது இணையத்தில் விலை பார்த்துத்தான் ஸ்ரிக்கர் ஒட்டுகின்றன. ஐம்பது பென்ஸ் கூடைக்குள் கேம் கிடந்த காலம் போய்விட்டது. பவுண் விலை ஏறுது ஏறுது என்று புலம்புகிற எங்கட சனம் கேம்போயை வாங்கிப் பூட்டி வைத்திருக்கலாம்!

இன்னொரு காரணமும் சொன்னான், அது எனக்கு நியாயமாகப் பட்டது. பழைய புத்தகம் என்றால் லைப்ரரியில் எடுக்கலாம். பழைய கேமுக்கு அப்படி வழி குறைவு. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. அமெரிக்காவில் 2010க்கு முன்னம் வந்த பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் புதிதாக வாங்கக் கிடைக்காது. இவன் விளையாடின போக்கிமோன் ரெட்டை 2016இலிருந்து நின்டெண்டோ 3டிஎஸ்ஸில் இறக்கி விளையாடக் கூடியதாக இருந்தது. 2023 மார்ச் 27இல் அந்த இணையக் கடையையே மூடிவிட்டார்கள். பிறகு சனம் பழைய சாமானைத்தானே தேடும்?

தேடுகிற இடத்தில் கள்ளச் சாமானும் வரும். மகன் முதலில் வாங்கின போக்கிமோன் ரெட் கள்ளம். முப்பத்திரண்டு பவுண்ஸ் போச்சு. இப்போது அவன் பார்க்கிற விதத்தைச் சொல்லுகிறேன். நின்டெண்டோவின் சொந்தக் கார்ட்ரிட்ஜில் சாதாரண ஸ்குரூ டிரைவர் கொள்ளாத ஒரு தனி ஆணி இருக்கும், அதற்கு 3.8 மில்லிமீட்டர் சாவி வேண்டும். முன்பக்க லேபிளைச் சரித்துப் பிடித்தால் அச்சில் குத்தின மாதிரி இரண்டு இலக்கம் மெல்லிசாகத் தெரியும். முடிந்தால் உள்ளே இருக்கிற பலகையின் படத்தையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். இதெல்லாம் பார்த்துத்தான் இரண்டாவதை முப்பத்தைந்து பவுண்ஸுக்கு வாங்கினான்.

அதைப் போட்டுப் பார்த்தால் உள்ளே வேறொரு பிள்ளையின் விளையாட்டு! விளையாடின இடம் சேமிக்கப்பட்டது ஒரு பொத்தான் பற்றரியின் தயவில். அந்தப் பற்றரி இருபது வருஷத்துக்கு மேலாகச் சாகாமல் கிடந்திருக்கிறது. யாரோ ஒரு பெடியன் நூற்று முப்பது மணித்தியாலம் விளையாடி வைத்திருக்கிறான். புதிதாகத் தொடங்கிச் சேமித்தால் அது அழிந்துவிடும். பற்றரியை மாற்றினாலும் அழிந்துவிடும். மகன் இரண்டு மாதமாக ஒன்றும் செய்யாமல் வைத்திருக்கிறான். "அவன்ர அம்மாவும் பையில போட்டுக் குடுத்திருப்பா" என்றான். மனைவி எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். இந்தக் கேம் இங்கே 1999 ஒக்டோபரில் வந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் இருக்கு என்று நத்தார் வரைக்கும் அழுதான். சப்பல் ரோட் அம்மன் கோயிலில் பூசை நடக்கும்போது பெடியள் பின்னால் சப்பாத்து வைக்கிற இடத்தில் குந்தியிருந்து, வயரைக் கொழுவிப் போக்கிமோன் மாற்றுவார்கள். ரெட்டில் இல்லாதது புளூவில் இருக்கும், ஒருவனால் தனியாக எல்லாம் சேர்க்க முடியாது. அப்படிச் செய்துதான் இரட்டிப்பாக விற்றிருக்கிறான்கள். நான் அப்போது பெற்றோல் ஸ்ரேஷனில் இரவு வேலை. அந்த வருஷம் ஏப்ரலில்தான் இந்த நாட்டில் முதன்முதலாகக் குறைந்தபட்சச் சம்பளம் வந்தது, மணித்தியாலத்துக்கு 3.60 பவுண்ஸ். கேம் இருபத்தைந்து பவுண்ஸ். அதாவது ஏழு மணித்தியாலம், ஏறக்குறைய ஒரு இரவு. 2025 ஏப்ரலில் அதே சம்பளம் 12.21. அவன் கொடுத்த முப்பத்தைந்து பவுண்ஸ் மூன்று மணித்தியாலம்கூட இல்லை. வேலைக் கணக்கில் பார்த்தால் கேம் மலிந்துதான் போயிருக்கிறது! கத்தினது கொஞ்சம் அதிகம்தான்.

"அப்ப ஏன் நானூறு?"

"பெட்டி, அப்பா. பெட்டிதான் காசு."

கேம்போய்க் கேமெல்லாம் காட்போட் பெட்டியில் வந்தவை. பிளேஸ்ரேஷன் பிளாஸ்டிக் உறை என்றபடியால் தப்பிவிட்டது. காட்போட்டைப் பிள்ளைகள் கிழித்தார்கள், பெற்றார் குப்பையில் போட்டார்கள். நல்ல நிலையில் ஒரு போக்கிமோன் ரெட் பெட்டி, உள்ளே ஒன்றுமில்லாமல், வெறும் பெட்டி, எண்பது பவுண்ஸ் என்று தொலைபேசியில் காட்டினான். என்ர கணக்கில் ஆறரை மணித்தியாலம். அன்றைக்கு முழுக் கேமுக்கும் நான் நின்ற நேரம்.

இரண்டு பேரும் லொஃப்டில் ஏறினோம். கலியாண அல்பங்கள், உடைந்த கிறைண்டர், அவனுடைய ஏ லெவல் புத்தகங்கள். கடைசியில் நான் கடதாசிகள் வைக்கிற பைக்குள் அந்தச் சிவப்புப் பெட்டி இருந்தது. மூலை கொஞ்சம் நசிந்திருந்தது. நான்தான் எடுத்து வைத்திருக்கிறேன், மறந்தே போனேன். உள்ளே சுரண்டிப் பாவித்த ஃபோன் கார்டுகள், காசு அனுப்பின துண்டுகள், நாலாய் மடித்த ஒரு கடிதம்.

அம்மாவின் கடிதம். 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு முழுச் சனமும் வெளிக்கிட்டபோது அம்மா வன்னிக்குப் போனவ. கடிதம் வர மாதக்கணக்காகும். பேரன் கிழமைக்கு நாலு பற்றரி தின்கிறான் என்று நான் பகிடியாக எழுதியிருக்கிறேன் போல. அதுக்கு அம்மா எழுதியிருக்கிறா: "நாலோ? இஞ்சை ஆரிட்டையும் ஒரு பற்றரி கிடைச்சால் செய்தி கேக்கப் பத்து வீட்டுச் சனம் வரும். பிள்ளை விளையாடட்டும்."

பற்றரி அப்போது வன்னிக்குள் போகவிடாத சாமான். 2002 தொடக்கத்தில் தடை எடுபடும்வரைக்கும் அப்படித்தான். நான் 1993இல் ஊரை விட்டு வரும்வரை நாங்களும் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில்தான் ரேடியோ கேட்டோம். மகனுக்கு இதெல்லாம் கதையாகத் தெரியும். ஆனால் அப்பம்மாவின் எழுத்தை அவன் அன்றைக்குத்தான் பார்த்தான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. லொஃப்டுக்குள் குனிந்தபடியே வாசித்துக் காட்டினேன். "பிள்ளை விளையாடட்டும்" என்ற இடத்தை இன்னொருக்கா வாசிக்கச் சொன்னான்.

கீழே வந்து கடிதத்தையும் கார்டுகளையும் பிஸ்கட் டின்னுக்குள் வைத்தேன். பெட்டியை அவனிடம் கொடுத்தேன். "விக்கப்போறியோ?" என்று கேட்டதற்குச் சிரித்தான். முப்பத்தைந்து பவுண்ஸ் கார்ட்ரிட்ஜை அதுக்குள் வைத்து மூடி, பேத்தியிடம் காட்டினான். அவளுக்குப் பெட்டியில் அக்கறையில்லை. கேம்போயைப் பிடித்துக்கொண்டு "வேர்க் பண்ணேல்லை" என்றாள். பற்றரி இறங்கியிருந்தது. நான் கோட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய் நாலு வாங்கி வந்தேன்.

வெளிக்கிடும்போது மகன் காருக்குப் பக்கத்தில் வைத்து மெல்லச் சொன்னான், இனி அந்தப் பெட்டிக்குள் இருக்கவேண்டிய சின்னப் புத்தகம் ஒன்றுதான் குறை என்று. விலையும் சொன்னான். அம்மாவுக்குச் சொல்லவேண்டாமாம்.