பாலூட்டும் நேரத்தைப் பறித்தவர் யார்?

தோட்டத்துத் தாய் முலைப்பாலை மறந்து புட்டியை நாடுகிறாள், அவளுக்கு அறிவு போதாது என்று கண்டி நகரில் அமர்ந்து கதைப்போர் சிலர் உளர். கலஹாவுக்கோ தெல்தோட்டைக்கோ ஒரு முறை சென்று வந்தாராயின் இவ்வுரை அவர்தம் நாவில் எழாது.

அவளைக் குற்றக்கூண்டில் ஏற்றுமுன் சட்டம் யாது கூறுகிறதென்று பார்ப்போம். 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், இன்று திருத்தங்களுடன் நிற்கும் வடிவில், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குப் பாலூட்டும் பெண்ணுக்கு ஒன்பது மணி நேரத்துள் இரண்டு இடைவேளைகளை அளிக்கிறது. பிள்ளை மடுவம் இருப்பின் ஒவ்வொன்றும் அரை மணி. இல்லையேல் ஒவ்வொன்றும் ஒரு மணி. அந்நேரமும் வேலை செய்த நேரமாகவே கொள்ளப்படும்.

நல்ல சட்டந்தான். ஆனால் மலையில் ஆட்சி செய்வது சட்டமன்று, தராசு! மடுவத்துக்கு இறங்கி, பாலூட்டி, மீண்டும் மலையேறும் நேரத்தில் கூடையில் கொழுந்து விழுமா? நிறை குறைந்தால் அரைப்பேர். முழுப்பேருக்காக அவள் நெஞ்சு கட்டிய வேதனையோடு நிரையில் நிற்கிறாள். மடுவத்திலே மகவு புட்டியைச் சப்புகிறது. கன்றை விலக்கிக் கட்டினால் பசுவின் மடி வற்றும் என்பதை அறியாத உழவரும் உண்டோ? பால் வற்றியபின் பால்மாவே கதி. வாங்கியது பல நாளைக்கு வரவேண்டுமென்று மாவைக் குறைத்து நீரைக் கூட்டுகிறாள். அந்நீர் தூயதா என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

1939 ஆம் ஆண்டிலேயே டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் சிங்கப்பூரில், தகரப்பாலைக் குழந்தைக்கு ஏற்றதெனப் பரப்புவதால் நேரும் சாவுகளைக் கொலையென்றே கொள்ளவேண்டும் என முழங்கினார். இலங்கையும் 1983 இல் பால்மா விளம்பரத்துக்குக் கடிவாளமிட்டது. கொழுந்து நிறைக்குக் கடிவாளமிட்டவர் யார்?

மருத்துவர் ஆராய்ந்து பால்மாவை விதிக்கும் தாய்மாரும் உளர். அவர்களை நாம் குறைகூறவில்லை. பால் இருந்தும் ஊட்ட நேரமின்றி வற்றவிடப்பட்டவளுக்காகவே வழக்காடுகிறோம்.

2018 ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்றாம் பேற்றுக்கிருந்த 42 நாளை 84 ஆக்கிற்று. வரவேற்றோம். எனினும் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதுமென்று அரசின் சுகாதாரத்துறை சொல்ல, அதற்கு வெகுமுன்னரே அவள் கூடை தூக்குகிறாளே!

இடைவேளை வேலைநேரமெனின், அந்நேரத்துக்குரிய கொழுந்தும் பறிக்கப்பட்டதாகவே கணக்கில் ஏறவேண்டும். பாலூட்டும் தாயின் நாள் நிறையிலிருந்து அதனைக் கழித்துச் செக்ரோலில் எழுதுக! தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தையில் இதனை முதற் கோரிக்கையாக வைக்கட்டும். கண்டியிலுள்ள தொழில் அதிகாரிகள் மலைக்கு ஏறி, நேற்று எத்தனை தாய்மார் மடுவத்துக்கு இறங்கினர் என்று கேட்கட்டும்.